நானா

இரண்டாம் சனிக்கிழமை. மார்த்தாண்டத்தில்
மேம்பாலம் ஜன்னலை உரசிப்போகும் மாடியறை.
கீழே ரப்பர் ஷீட் கடை.
புகையிட்ட ஷீட்டின் வாடை படியேறி வந்து
சந்தா கட்டாத உறுப்பினர்போல் முன்வரிசையில் உட்காரும்.
முன்னாள் படை அதிகாரிகள் சங்கம் என்கிறது பலகை.
சிப்பாயாய்ப் போய், இறங்கும் வருஷம்
தோளில் நட்சத்திரம் கிடைத்தவர்கள்தான் பாதிப்பேர்.
நான் அதில் ஒருவன். கௌரவ லெப்டினன்ட் ஞானசிகாமணி.
டீக்கணக்கு மேஜர் நீலகண்டபிள்ளைக்கு,
ஊனப் பென்ஷன் தாள்கள் எனக்கு.

இங்கே உடம்பைச் சதவீதமாய்த்தான் பேசுவோம்.
என் முழங்கால் முப்பது. பணியால் வந்தது என்றே எழுதிக் கிடைத்தது,
அன்றைக்குப் போர்டில் குமாஸ்தா நம்ம பையன்.
முதுகு இருபது என்றால் ஐம்பதாய் ஏற்றித் தருவான்,
பத்தொன்பது என்றால் ஒரு சல்யூட்.
மனசு கலங்கி வந்தவனுக்கோ
அது அம்மைவழிச் சொத்து என்று முடித்துவிடுவான்.
தாளின் அடியில் எப்போதும் அந்த வாக்கியம்:
படைப்பணியால் வந்ததுமில்லை,
படைப்பணியால் முற்றியதுமில்லை.
ஆபீஸ் சுருக்கம் நாலு இங்கிலீஷ் எழுத்து,
சேர்த்துச் சொன்னால் நானா.
அவனுக்கு என்ன போட்டான்? நானாதான்.
இருபது வருஷமாய் இதைச் சொல்லிச் சிரிக்கிறோம்.

இன்று பாலூரிலிருந்து ரோஸ்லெட் வந்தாள்,
பின்னால் அவள் புருஷன் சாம்ராஜ்.
ஒன்பது வருஷம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவன்,
இப்போது விடியுமுன் நெற்றியில் விளக்கு கட்டிப் பால்வெட்டு.
பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்து
எல்லாருடைய வாயையும் பார்த்துச் சிரித்தான்.
மேஜர் டீ வேணுமா என்றார். ஜீ சாப்.
சீனி வேண்டாமா என்றார். ஜீ சாப்.

"எல்லாத்துக்கும் அவருக்க பதில் அதாக்கும் சாறே.
எடது காது செத்தாச்சு. வலதுல கூவினா கொஞ்சம் விழும்.
அண்ணைக்கு போர்டுல டாக்டரு,
சின்னப்பிள்ளையில காதுல சீழ் வந்துதாண்ணு கேட்டிருக்காரு.
இவரு என்ன சொல்லியிருப்பாருண்ணு நெனைக்கிய?"

ஆமாம் என்று எழுதியிருந்தது.
கூடப் பிறந்த செவிடு. நானா.

மடிப்பில் இற்ற காகிதம், எழுத்து மங்கவில்லை.
ஒரு பிழை கிடையாது. ஓரம் இரண்டு பக்கமும் சமம்.
'என்' மட்டும் வரியைவிட்டு ஒரு நூல் மேலே நின்றது.
அந்த மெஷினை எனக்குத் தெரியும்.
தொண்ணூற்றொன்றில், வடக்கே ஒரு பட்டாளத்து ஆஸ்பத்திரியில்,
கால் ஆடும் மேசையில், மூன்று வருஷம்
அதன் முன்னால் உட்கார்ந்திருந்தவனையும் தெரியும்.
அடியில் சின்னதாய் இரண்டு எழுத்து, அடித்தவன் பெயருக்கு.

இவன் முகம் நினைவில்லை. ஒரு நாளைக்கு முப்பது பேர்.
நினைவில் இருப்பது ரிப்பனின் பாதிச் சிவப்பு,
நாலு மணிக்கு வரும் சமோசா,
டாக்டர் தலை நிமிராமல் கேட்பது,
கேட்காதவன் ஜீ சாப் என்பது,
விரல் அதை எனக்கு முன்பே அடித்து முடிப்பது.

மேஜர் எட்டிப் பார்த்தார். அவருக்கு இன்னும் கண் கூர்மை.
"அப்பீலில் இதெல்லாம் வேண்டாம் ஓய்" என்றார் மெதுவாக,
"காது டெஸ்ட் காகிதம் போதும்."
போதும்தான். சட்டப்படி போதும்.
பேனா மூடியைத் திருகினேன், திரும்ப மூடினேன்.
பாலத்தின்மேல் திருவனந்தபுரம் பஸ் ஒன்று
ஹாரனை விடாமல் அழுத்திக்கொண்டே போனது.
எல்லாரும் திரும்பினோம், அவனைத் தவிர.

"இத அடிச்சது ஆராக்கும்?
இன்னொருக்கக் கேட்டுப் பாத்திருக்கலாம்லா" என்றாள் ரோஸ்லெட்.
எங்களிடம் இல்லை, காகிதத்திடம்.

நாற்காலியை இழுத்து அவனுக்கு வலப்பக்கம் போட்டேன்.
கீழே ஷீட் எடைபோடுகிறவன் நிமிர்ந்து பார்க்கும்படி
காதோரம் கூவினேன்:
நானாக்கும்.
நானாக்கும் அடிச்சது.

சாம்ராஜ் என் வாயைப் பார்த்தான். சிரித்தான்.
ஜீ சாப்.