பச்சைப் புள்ளிகள்

கரகண்டாவில் பிப்ரவரி.
மழலைப் பள்ளியிலிருந்து டோக்ஜான் கொண்டுவந்தவை:
ஒற்றைக் கையுறை,
களிமண்ணில் செய்த மூன்றுகால் ஆடு,
சின்னம்மை.

நாற்பத்தொரு கொப்புளம். அவளே எண்ணினாள்.
ஒவ்வொன்றின் மேலும் பஞ்சுக்குச்சியால்
பச்சை மருந்து தொட்டு வைத்தேன்.
இரண்டு நாள் காய்ச்சல், அதுவும் மாலையில் மட்டும்.
மூன்றாம் நாள் சோபாவில் ஏறிக் குதித்தாள்
பச்சைப்புள்ளிச் சிறுத்தை.

பதினாறாம் நாள் யெர்போலுக்கு.

சுரங்கத்தில் அறுநூறு மீட்டர் இறங்குகிறவன்.
பல் பிடுங்கிய அன்றும் வேலைக்குப் போனவன்.
எண்ணத் தொடங்கி
முதுகுக்கு வருமுன் விட்டுவிட்டேன்.
புட்டி காலி.
பிறகு இருமல்.
பிறகு உதடு நீலமான அந்த இரவு,
பனியில் சிக்கி உறுமிய ஆம்புலன்ஸ்.

ஐந்தில் வராதது ஐம்பதில் வருமா என்றால்
வரும்.
கதவை உடைத்துக்கொண்டு வரும்.
அவனுக்கு முப்பத்தொன்பதுதான்.

தொற்றுநோய் வார்டு வாசலில் கேட்டேன்:
ஒரே கிருமிதானே டாக்டர்?
ஒரே வீடு, ஒரே சூப், ஒரே துண்டு.

சவ்லே, மருந்துச் சீட்டின் பின்புறம்
ஒரு நெஞ்சுக்கூடு வரைந்தாள்.
எலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி.
குழந்தைக்குக் கொழுகொழுவென்று இருக்குமாம்.
வயது ஏற ஏறச் சுருங்கி வெறும் கொழுப்பாகுமாம்.
அங்கே தேறி வெளிவரும் அணுக்களுக்கு
இன்னும் யாரோடும் பகையில்லை,
யார் வந்தாலும் புதிதாய்க் கற்றுக்கொள்ளும்.
குழந்தை உடம்பு வாசலிலேயே கூச்சல் போட்டுவிடும்.
பெரியவர் உடம்போ
பழைய எதிரிகளின் பட்டியலைப் புரட்டும்.
அதில் இல்லாதவன்
நுரையீரல்வரை போய் உட்கார்ந்த பிறகு
விழித்தெழுந்து
கண்மண் தெரியாமல் அடிக்கும்.
"பாதிதான் தெரியும்" என்றாள் சவ்லே,
பேனாவை மூடியபடி.
"மீதி எங்களுக்கும் தெரியாது."

பேருந்தில் நினைத்துக்கொண்டேன்.
வாரக்கணக்கில் வாய் திறக்காமலிருந்து
ஒருநாள் தட்டுகளை உடைப்பவன் அவன்.
உடம்பும் அவனைப் போலத்தானா?
சிரிப்பு வந்தது. உடனே அழுகை.
பயணச்சீட்டு கேட்ட பெண் என்னை விட்டு நகர்ந்துபோனாள்.

ஒன்பதாம் நாள், தரைத்தள ஜன்னலருகே
அவனை நாற்காலியில் கொண்டுவந்து வைத்தார்கள்.
மூக்கில் குழாய், முகத்தில் தாடி.
உள்ளே விடமாட்டார்கள். முழங்கால் பனியில் நின்றோம்.
"எத்தனை அப்பா?" என்று கத்தினாள் டோக்ஜான்.
கேட்கவில்லை போலும்.
கையை மட்டும் விரித்துக் காட்டினான்.

அவள் என் பையைத் துழாவிப்
புதிய புட்டியை எடுத்தாள்,
பல்லால் திறந்தாள்.
கண்ணாடியில் அவன் முகம் தெரிந்த இடத்தில்
நெற்றி, கன்னம், மூக்கு நுனி என்று
ஒவ்வொன்றாக வைக்கத் தொடங்கினாள்.
அவன் அசையாமல் இருந்தான்,
அவள் குறி தப்பாதிருக்க.