பின்சீட்டில் ஒரு தட்டுவடை செட்

பன்னிரண்டாவது வளைவில்
எதிரே இறங்கிய பஸ்ஸுக்கு ஒதுங்கியபோது
நிதர்சன் மடியிலிருந்த தட்டு கவிழ்ந்தது.

ஒரே ஒரு தட்டுவடை செட்.
அஸ்தம்பட்டியில் வாங்கியது.
ஏற்காடு போய்ச் சாப்பிடலாம் என்று
நான் மூன்று தடவை சொன்னது.
துருவிய பீட்ரூட், பச்சைச் சட்னி, பூண்டுச் சட்னி
எல்லாம் இப்போது
முதலாளியின் சந்தன நிறப் பின்சீட்டில்.

செங்கோடன் திரும்பவில்லை.
கண்ணாடியில் பார்த்தான்.
காது மட்டும் சிவந்தது.
மீதி எட்டு வளைவும்
யாரும் பேசவில்லை.
ஏரியில் படகு மிதித்தோம்.
படகிலும் அந்தக் கறைமேல்தான்
உட்கார்ந்திருந்தோம்.

இரவு, சிவதாபுரம், வாசலில் டியூப்லைட்.
காலை ஏழு மணிக்கு வண்டி வேண்டும்,
அவர் தங்கை மகளுக்குக் கல்யாணம்.
செங்கோடன் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தான்.
உள்ளங்கை அளவுக் கறை
ஊத்தப்பம் அளவு ஆனது.
"தேய்க்காத. ஒத்து."
"நீ என்ன கார் கம்பெனியா?"

கம்பெனி இல்லை.
பதினோரு வருடமாகக் கொலுசுக்கு மெருகு போடுகிறவள்.
கண்ணிக்குள் ஒளியும் கருப்பை
எந்த விரலால் வெளியே அழைக்கவேண்டும் என்று
தெரிந்தவள்.

பூந்திக்கொட்டை ஊறப்போட்டேன்.
பட்டறையில் வெள்ளிக்குச் செய்வதுபோல
நுரையை மட்டும் அள்ளி
ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்தேன்.
பழைய பனியனால் ஒற்றினேன்.
முதல் பனியன் சிவப்பு.
அடுத்தது ரோஸ்.
மூன்றாவதில்
இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிறம்.
பூண்டுச் சட்னியின் எண்ணெய்க்கு
ஒரு சிட்டிகை ஆப்பசோடா.
பதினொன்றரைக்குக் கறை போய்விட்டது.

அப்புறம்தான் பார்த்தோம்.
கறை இருந்த இடம் பாலாடைபோல வெளுத்திருக்க
அதைச் சுற்றி
சந்தனம் என்று நாங்கள் நினைத்திருந்ததெல்லாம்
ஆறு வருட முதுகு வியர்வை.
சுத்தமான இடம்தான் இப்போது
காட்டிக்கொடுக்கப் போகிறது.

வேறென்ன செய்ய,
முழுச் சீட்டையும் கழுவினோம்.

மணி ஒன்றரை இருக்கும்.
சீட் இடுக்கில் விரலை விட்டவன்
கையை வெளியே எடுக்காமல் என்னைப் பார்த்தான்.
ஒரு நாணயம், ஒரு ஜவ்வரிசி வடகம்,
அப்புறம்
ஒற்றைக் கொலுசு.

கருத்துக் கிடந்தாலும்
என் மெருகு எனக்குத் தெரியாதா?
போன தீபாவளிக்கு முந்தின சனிக்கிழமை
எண்ணிக்கையில் ஒன்று குறைகிறது என்று
எட்டு வாரம் என் கூலியில் பிடித்த கொலுசு.
"எடுத்து வெச்சுக்கலாம்" என்றான்.
"வெச்சுக்கிட்டா எடுத்தது நாமன்னு ஆயிடும்."
மீதி நுரையில் அதையும் போட்டேன்.
ஒரு நிமிடத்தில் பளபளத்தது.
வெள்ளிக்கு ஞாபகம் கிடையாது.

காலையில் அதை ஸ்டியரிங்குக்கு முன்னால்
வண்டியில் ஏறுகிற எவர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்தேன்.
முதலாளி வந்தார்.
புது வேட்டி, மடிப்புக் கலையாமல்.
கொலுசைப் பார்த்தார்.
எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
சீட்டைத் தடவி,
"இதையெல்லாம் எதுக்குக் கழுவினீங்க,
வண்டி நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார்.
பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்,
அதை நான் வேண்டுமென்று செய்யவில்லை.
துணிக்குக் கீழே பஞ்சு இருப்பது
எனக்குத் தோன்றவே இல்லை.
கொலுசுக்குப் பஞ்சு கிடையாது.
மேலே ஒற்றி எடுத்த பீட்ரூட்
கீழே இறங்கி
ஈரத்தோடு காத்திருந்திருக்கிறது,
எண்பத்தைந்து கிலோ வந்து அழுத்தும்வரை.

மத்தியானம் செங்கோடன் வந்து சொன்னான்.
மண்டப வாசலில் இறங்கினாராம்.
நாதஸ்வரக்காரர் முன்னால், அவர் பின்னால்,
அவருக்கும் பின்னால்
வேட்டியில் வட்டமாக, ரோஸ் நிறத்தில்,
ஒரு தட்டுவடை.
பந்தி முழுக்க அப்படியே நடந்து
எல்லாரையும் சாப்பிடச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"நீ சொன்னியா அவர்கிட்ட?"

செங்கோடன் சொம்புத் தண்ணீரைக் குடித்து முடித்தான்.
"பூந்திக்கொட்டை
இன்னும் மிச்சம் இருக்கா?" என்றான்.