திரும்புகுழாய்

உப்புதான் தின்றது.
நிலாவெளி உப்பளத்திலிருந்து ஆறு வருசம்
ஈரச் சாக்கு ஏற்றிய லொறி.
பட்டி இறுக்கிய இடத்தில், கண்ணுக்குத் தெரியாத பக்கம்,
தாங்கி வெற்றிலைச் சருகாய்ப் போயிருந்தது.
விரலால் தட்டினேன். விரல் உள்ளே போனது.

சீனக்குடாக் காட்டுக்குள்ளே
வெள்ளைக்காரன் விட்டுப்போன தாங்கிகள்
வீடளவு, கோயிலளவு நிற்கின்றன.
எனக்கு வேண்டியது அறுபது லீட்டர்.
கிண்ணியாவில் பைறூஸின் பழைய இரும்புக் கடையில்
அதே எல்ஃப், அதே வருசம்,
மூக்குடைந்து கிடந்த ஒன்றின் கீழிருந்து
கழற்றித் தந்தார்கள்.
விலை சொன்னபோது மட்டும் அது புதிது.

ஞாயிறு. சாம்பல்தீவு. வீட்டு முற்றம்.
மனைவியின் தம்பி தவநேசன்
கூப்பிடாமலே வந்தான், சாரத்தை மடித்துக் கட்டி.
மிச்ச டீசலை வாளியில் வடித்தோம்,
தேயிலைச் சாயத்தின் நிறம், அடியில் துரு மண்டி.
இரண்டு குழாயும் ஒரே தடிப்பு, ஒரே கறுப்பு.
போகிற குழாய்க்குச் சிவப்பு நூல் கட்டினேன்.
மற்றது திரும்புகுழாய்:
எஞ்சின் குடித்தது போக மிச்சத்தை
எடுத்த இடத்துக்கே கொண்டுவந்து ஊற்றும்.
மாற்றிப் பூட்டினால் பாதித் தாங்கிவரை ஓடும்,
பேந்து கந்தளாய்க்குக் கிட்ட, வெய்யிலில்,
இருமி இருமி நிற்கும்.
எனக்கு ஒருதரம் நின்றது.
குளவி கூடு கட்டாமல்
வாய் இரண்டுக்கும் துணி அடைத்தோம்.

பட்டி நட்டு நாலில் மூன்று இளகின.
நாலாவதைத் தவநேசன்
பதினாலாம் நம்பர் சாவியில் இரும்புக் குழாய் செருகி
காலால் மிதித்தான்.
உடைந்தது போல்ட்.
"அதுவும் கழன்றமாதிரித்தானே அத்தான்."

தாங்கியை நெஞ்சில் வாங்கி இறக்கினேன்.
உள்ளே ஏதோ புரண்டது.

கவிழ்த்தோம். துரு, மணல்,
பேந்து, அரை முழத்துக்குக் கொஞ்சம் கூட,
ஒரு பச்சைக் குழாய்த் துண்டு.
பூக்கன்றுக்குத் தண்ணீர் விடுகிற குழாய்,
வெள்ளைக் கோடு ஓடினது.
டீசலில் ஊறி வீங்கி விறைத்து,
ஒரு முனையில் பல் பதிந்த அடையாளம்.

உவர்மலை ஏற்றத்தில்
எத்தனை நாள் மூச்சு வாங்கியது இந்த லொறி.
வடிகட்டி மாற்றினேன். பம்ப்பை ஊர் முழுக்கக் காட்டினேன்.
எலுமிச்சங்காய்கூடக் கட்டித் தொங்கவிட்டேன்.
உறிஞ்சுகுழலின் வாயை
இது போய்ப் போய் மூடியிருக்கிறது.

எண்ணெய்க்கு ஊரே கியூவில் கிடந்த காலம்.
பெற்றோல் செட் வாசலில், லொறிக்குக் கீழே பாய் விரித்து
மூன்று இரவு படுத்து நிரப்பியது.
ஒரு காலை முள் இறங்கியிருந்தது.
பூட்டுமூடி வாங்கினேன்.
இரண்டு திறப்பு தந்தார்கள்.
ஒன்றைத் தவநேசனிடம் கொடுத்துவைத்தேன்.

அவன் வீட்டு வேலியோரம்
செவ்வரத்தைக்குப் போகிற குழாய்
நேற்றும் பார்த்ததுதான். பச்சை. வெள்ளைக் கோடு.
ஊரில் எல்லார் வீட்டிலும் அதே குழாய்
என்று எனக்கு நானே சொன்னேன்.
அவன் துண்டைக் கையில் எடுத்தான்.
மடிக்கப் பார்த்தான், மடியவில்லை.
வேலிப்பக்கம் எறியாமல்
வாளிக்குப் பக்கத்தில் நேராக வைத்தான்.

வந்த தாங்கியை டீசல் விட்டு இரண்டுதரம் அலம்பினோம்.
பட்டிக்கும் தகரத்துக்கும் நடுவில்
பழைய டியூப் வெட்டி வைத்தோம்.
சிவப்பு நூல் இங்கே. மற்றது அங்கே.
கிளிப். இன்னொரு அரைச் சுற்று.
ஒருவர் கையில் மற்றவர் கை இடிக்கிற இடம் அது.
பேச்சு இல்லை.

காற்று எடுக்கவேண்டும்.
அவன் கைப்பம்ப்பை அமுக்க
நான் வடிகட்டியின் மேல் திருகாணியை இளக்கினேன்.
முதலில் ஒன்றுமில்லை.
பேந்து நுரை. பேந்து குமிழி,
எச்சில் துப்புகிறமாதிரி.
அமுக்கிக்கொண்டே, என்னைப் பாராமல்,
"ரெண்டு லீட்டர்தான் அத்தான்.
சின்னவளுக்கு அண்டைக்கு ராத்திரி மூச்சு ஏலாமல்...
லேண்ட்மாஸ்டரிலதான் ஆஸ்பத்திரிக்கு."

குமிழி வந்துகொண்டிருந்தது.
நாற்பது, நாற்பத்தைந்து அமுக்கு.
பேந்து இளமஞ்சளாய், குமிழி இல்லாமல்,
என் விரல்வழியே முழங்கைக்கு வழிந்தது.

"வருதா?"
"வருது. அமுக்கிப் பிடி, இறுக்கிறன்."