சதுர அடிக்கு நாற்பது பைசா

பள்ளத்தூரில் பதினொரு புள்ளிக்குச் சொந்தமான வீடு.
படைப்புக்கு இன்னும் ஒன்பது நாள்.
போசன ஹாலின் வெள்ளை மார்பிளில்
குறுக்கே ஒரு சுண்ணாம்புக் கோடு.
கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பங்காளியின் செலவு,
இந்தப் பக்கம் இன்னொருவர் செலவு.

கிழக்குக்கு உமையாள் வாங்கி வந்தது வெள்ளைப் பேடு,
ஒன்று இருநூற்று நாற்பது ரூபாய்.
மேற்குக்குப் பினாங்கிலிருந்து வயிரவன்
போனிலேயே தருவித்தது சிவப்பு,
ஒன்று தொண்ணூறு.
பெயரிலேயே வயிரம் இருக்கும்போது
பேடில் எதற்கு என்று விட்டிருப்பார், என்றான் ஆரோக்கியம்.
நான் சிரித்தது அவனுக்குத் தெரியாது.
வாயில் துணி கட்டியிருந்தேன்.

இரண்டிலும் வைரம்தான்.
மோதிரத்துக்கு ஆகாத தூள்,
பிசினில் குழைத்து உள்ளங்கை அகலத்துக்கு வார்த்தது.

ஐம்பதாம் எண் கல்லைக் கடிக்கும்.
நூறு அந்தக் கடியைக் கடிக்கும்.
இருநூறு, நானூறு, எண்ணூறு,
எண் ஏற ஏறப் பல் சிறுக்கும்.
ஒன்றைத் தாண்டிக் குதித்தால்
மூவாயிரத்தில் காட்டிக்கொடுக்கும்,
சுருள் சுருளாய், பூனை நகம் பட்டதுபோல்.
நூறைத் தாண்டு, நேரம் மிச்சம் என்றார் வயிரவன்.
தாண்டவில்லை.
தாண்டிவிட்டேன் ஐயா என்று போனில் சொன்னேன்.

மெஷின் ஆரோக்கியத்துக்கு.
தூணடி, சுவரோரம், நிலைக்கால் மூலை எனக்கு.
முட்டியில் ரப்பர், கையில் சின்னக் கிரைண்டர்,
வடித்த கஞ்சிபோல் ஓடும் கல்சேறு.
சாயங்காலம் பார்த்தால்
என் முழங்கை வரை இன்னொருத்தியின் கை.

சிவப்பு நூற்றைம்பது சதுர அடியில் வழுக்கையானது.
வெள்ளை அறுநூறு வரை நின்றது.
உமையாள் சீட்டின் பின்பக்கம் வகுத்துப் பார்த்தாள்:
அது சதுர அடிக்கு அறுபது பைசா,
இது நாற்பது.
சீட்டைப் படம் பிடித்துப் பினாங்குக்கு அனுப்பினாள்.
இரண்டு நீலக் குறி வந்தது.
வேறெதுவும் வரவில்லை.

யாரும் கேட்காததால் நான் சொல்லாதது:
கீழ் எண்களில் சிவப்புதான் வேகம்.
பழைய எண்ணெய்க் கறையை
வெள்ளை யோசித்து எடுத்தது,
சிவப்பு கேட்காமல் எடுத்தது.

ஆறாம் நாள் தேநீருக்குப் போகும்போது
ஈரச் சிவப்பைக் கல்மேல் கவிழ்த்து வைத்துவிட்டேன்.
திரும்பி வந்தால் ரோஜா நிறத்தில் ஒரு வளையம்,
கோட்டுக்கு மேற்கே ஒன்றரை அடியில்.
நானூறுக்கு இறங்கினேன், மறுபடி ஏறினேன்.
கால்வாசி போனது.
சாயம் பேடினுடையது, மறதி என்னுடையது,
கல் வயிரவனுடையது.

முடித்த அன்று செய்தித்தாளைத் தரைமேல் பிடித்தோம்.
கிழக்கில் தலைப்பும் அடிவரியும் தலைகீழாய்ப் படிக்க முடிந்தது.
மேற்கில் தலைப்பு மட்டும்.
உமையாள் இரண்டு முறை படித்தாள்.
அதற்குள் யாரோ ஈரத்துணி போட்டதில்
சுண்ணாம்புக் கோடு போய்விட்டது.

படைப்பன்று அறுபது இலை.
ரோஜா வளையத்தின் மேல் ஒரு பாயசக் கிண்ணம்
சரியாக உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டு
நான் கொல்லைப்பக்கம் போய்ச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஏழுக்கு உமையாள் அழைத்தாள்.
ரசம் வழிந்த இடமெல்லாம்
மங்கல் மங்கலாய், நாக்கு நக்கியதுபோல்.
சலவைக்கல்லுக்குப் புளி ஆகாது.
முதல் நாளே சொல்லியிருந்தேன்,
மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது.

கிழக்கில் பதினேழு, மேற்கில் பத்தொன்பது,
எண்ணி வைத்திருந்தாள்.
கோடு எங்கே இருந்ததென்று
அவளுக்கே நிச்சயமில்லை.

ஆரோக்கியம் வண்டியிலிருந்து மெஷினை இறக்கினான்.
நானூறிலிருந்து போதும் என்றேன்.
எந்தப் பேடு என்றான்.
பையில் கைவிட்டுப் பார்த்தேன்.
இரண்டிலும் ஒவ்வொன்று மிச்சமிருந்தது.