மடைக்கு அந்தப் பக்கம்

நான் நானூற்றிப் பன்னிரண்டில் இருந்தேன்.
பென்சிகர் தும்மினார்.
தேரூர்க் குளம் எழுந்தது.

நாமக்கோழிகள் தண்ணீர்மேல் ஓட
ஓடிய தடமெல்லாம் வெள்ளைத் தையல்.
ஊசிவால் வாத்துகள்
மருந்துவாழ்மலைப் பக்கம் ஒரு சாய்வு சாய்ந்து
இரண்டு வட்டம் சுற்றி
எனக்கு வசதிப்படாத ஓர் ஓரத்தில் இறங்கின.

"மன்னிச்சிரு" என்றார்.
எழுதியதை அடித்தேன்.
ஒன்று.
இரண்டு.

வாரநாட்களில் எனக்கு மின்வாரிய வேலை.
நாய் குரைக்கும் கேட்டுக்கு வெளியே நின்று
எட்டிப் பார்த்து
மீட்டர் எண்ணைக் குறித்துவரும் கண் இது.
மீட்டர் பறந்துபோகாது.
மீட்டர் முங்கிப் போய்
பத்தடி தள்ளித் தலை தூக்காது.
முக்குளிப்பான் இருபத்தேழு என்றால்
இருபத்தேழு தலையா,
ஒன்பது தலை மும்முறையா?
இரவு சோற்றுக்கு உட்காரும்போது
இந்தச் சந்தேகமும் கூட உட்காரும்.

பென்சிகருக்கு இந்தத் தொல்லை இல்லை.
மணக்குடிக் கரையில் மீன் ஏலம் விளிக்கிறவர்.
மணலில் கொட்டிய சாளைக் குவியலை
ஒரு பார்வை பார்த்து
விலை சொல்லத் தெரிந்த தொண்டை.
மீசை ஆலாக் கூட்டம் திரும்பும்போது
"முந்நூற்றைம்பது" என்பார்,
அடுத்த திருப்பத்தில் "முந்நூற்றறுபது",
யாரோ கேட்பு கூட்டியதுபோல.
நான் முறைத்தால் பத்தைக் குறைப்பார்.

வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும்.
ஏறிவிட்டால் கிழக்குப் பாதி முழுக்கக் கறுப்பு.
நீர்க்காகம் கறுப்பு, அரிவாள் மூக்கன் கறுப்பு,
யாரோ நட்டுவைத்த கட்டையும் கறுப்பு.
போன வருடம் ஒரு கட்டையை
பாம்புத்தாரா என்று எழுதிவிட்டேன்.
மாலைவரை அது பறக்கவில்லை.

படிவத்தில் எண்பத்து மூன்று வரிசை.
பூநாரைக்கு நேரே பூஜ்யம் போட்டேன்.
வெற்றாக விட்டால்
பார்க்கவேயில்லை என்று ஆகும்.
பூஜ்யம் என்றால்
பார்த்தோம்,
கண் நோகப் பார்த்தோம்,
இல்லை.

ஏழரைக்குச் சுயம்பு வந்தார்.
லாரி டியூப்பின்மேல் பலகை,
பலகைமேல் தோவாளைக்குப் போகும் மொட்டுகள்,
இடுப்புவரை குளம்.
தாமரைக் குத்தகை அவருக்கு.
அவர் குறுக்கே கட்டிய கயிற்றில்
பெயின்ட் டப்பாக்கள் தொங்கும்.
இழுத்தால் எங்கள் கணக்கு மொத்தமும் வானத்தில்.
இன்று இழுக்கவில்லை.

"நீலக்கோழி எத்தன எழுதிட்டிய?"
"நூற்றி நாற்பத்தொன்று."
சிரித்தார்.
"அது கரைக்குத் தெரியுறது.
இலைக்கு அடியில கெடக்கது யாருக்கக் கணக்கு?
விடியும் முன்ன எனக்க மொட்ட எண்ணித் தின்னுது,
நீங்க அத எண்ணுதிய."

டியூப்பைத் தள்ளிக்கொண்டு கொஞ்சம் போனவர்
நின்றார். முகம் திருப்பவில்லை.
"மடைக்கு அந்தப் பக்கம் ஒண்ணு நிக்கும்.
ஒத்தக்கால்.
எனக்க கயித்துல மாட்டினதுதான்.
அதையும் சேத்துக்கிடுங்க."

போனோம்.
வழியில் நாரைகள் எல்லாமே ஒற்றைக்காலில்தான் நின்றன,
இன்னொன்றை எங்கோ பத்திரமாக மடித்து வைத்து.
மடையில் சேறு. சேற்றில் ஆகாயத்தாமரை.
முறிந்த கோரை, புது எச்சம்,
ஒரு செருப்பு.
கால்மணி நேரம் அசையாமல் நின்றோம்,
பென்சிகர் மூக்கைப் பொத்திக்கொண்டு.
கோரைக்குள் ஏதோ நகர்ந்தது.
தவளையாகவும் இருக்கலாம்.

வள்ளம் கரையேறும் நேரம் என்று
அவர் பைக்கைக் கிளப்பினார்.
"நாற்பத்திரண்டா போடு" என்றார்.
எஞ்சின் சத்தத்தில் கேட்காததுபோல் இருந்தேன்.

சொன்ன எண்ணை எழுதினால்
வாரியத்தில் வேலை போகும்.
நூற்றி நாற்பத்தொன்று அப்படியே நின்றது.
பக்கத்தின் அடியில், குறிப்பு என்ற இடத்தில்,
முத்திரை விழும் மூலையை ஒட்டி,
சின்ன எழுத்தில் எழுதினேன்:
நீலக்கோழி, ஒற்றைக்கால், ஒன்று.
பார்க்கவில்லை.
சொன்னவர் தாமரைக் குத்தகைக்காரர்.