மற்றவை

பதிவுப் படிவம் கேட்டது:
உங்கள் நிறுவனத்தில் எத்தனை பேர்?
இரண்டு ஆசிரியர், நாற்பத்தோரு பிள்ளைகள்,
சத்துணவு சமைக்கும் அஞ்சலாட்சியைச் சேர்ப்பதா என்று
கொஞ்சம் யோசித்தேன்.
உங்கள் பதவி?
மேலாளர். வடிவமைப்பாளர். விற்பனை.
எல்லாவற்றுக்கும் அடியில்
மற்றவை.
அதைத் தொட்டேன்.
முப்பது நாள் இலவசம் என்று
திரையில் பலூன்கள் பறந்தன.

அது ஒன்பதாவது செயலி.
ஒன்று எடுத்தவுடன் வங்கி அட்டை கேட்டது.
ஒன்றில் தமிழ் அடித்தால்
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்
கழன்று விழுந்தது.
இன்னொன்று, பிள்ளைகள் பதில் சொன்னால் கைதட்டியது;
தப்பாகச் சொன்னாலும் கைதட்டியது.

மஞ்சக்குப்பத்து மாடிப் போர்ஷனில்
இரவு பதினோரு மணிக்கு
தோசைமாவு பொங்கி மூடியைத் தள்ள,
நான் அந்த வெள்ளைப் பலகையை
இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அதற்கு ஓரமே இல்லை.
தாழங்குடாவில் எங்கள் கரும்பலகைக்கு
நாலு ஓரம், ஒரு பல்லி.

ஜெசிந்தாவுக்குச் சுட்டி அனுப்பினேன்.
ஆசிரியர் பயிற்சியில் என் பெஞ்சு.
இப்போது மணப்பட்டில்.
வடக்கே கொஞ்ச தூரம் பஸ்ஸில் போனால்
மாநிலம் மாறிவிடும்,
பாடநூல் வேறு, சீருடை வேறு,
மழைக்கு விடும் லீவுகூட வேறு.
பலகையில் அவள் ஆரஞ்சு அம்பாக வந்து நின்றாள்.
நான் பச்சை.
ஊர் உலகத்து அலுவலகமெல்லாம் திட்டம் தீட்டும் பலகையில்
முதல் வரியாக எழுதினாள்:
சாப்ட்டியா?

வெள்ளிக்கிழமை, கடைசி பீரியடு.
அரசு தந்த டேப்லெட்டை நாற்காலியில் சாய்த்து,
என் போனை ஜன்னல் கம்பியில்
ரப்பர் பேண்டால் கட்டி,
(அங்கேதான் இரண்டு புள்ளி கிடைக்கும்)
இரண்டு பள்ளிக்கும் பொதுவாக
பெண்ணையாற்றை விரித்தோம்.
செயற்கைக்கோள் எடுத்த படம்.
அதன்மேல் நானே வரைந்த நீலக்கோடு.

"மிஸ், இது பழசு"
என்றான் நாலாம் வகுப்பு தேசிங்கு.
"மொகத்துவாரம் இங்க இல்ல.
மண்ணு அடச்சிடுச்சு.
புதங்கெழம அப்பா போட்டு
தெக்கால சுத்திதான் போச்சு."
கோட்டின் நுனியை விரலால் பிடித்து
கீழே இழுத்தான்.
வந்தது.
உடனே ஓர் ஆரஞ்சு அம்பு
அதை மேலே இழுத்தது.
அந்தப் பக்கம் எவளோ ஒருத்தி.
இவன் இழுக்க, அவள் இழுக்க,
ஆறு நடுங்கியது.
பிள்ளைகள் பெஞ்சுமேல் ஏறி
கரைவலை இழுக்கிற இரைச்சல் போட்டார்கள்.
"வரிசை, வரிசை" என்று கத்தினேன்.
எனக்கே கேட்கவில்லை.

அப்புறம் ஆரஞ்சு எழுதியது,
ஒவ்வொரு எழுத்தாகத் தேடி:
நேத்து மழ
ராத்ரி ஒடஞ்சிது
எங்க மாமா பாத்தாரு

தேசிங்கு விரலை எடுத்துவிட்டான்.
கோடு அவள் விட்ட இடத்திலேயே நின்றது.
கொஞ்ச நேரம் கழித்து,
படத்தைப் பார்த்தபடியே:
"எத்தன மணிக்குன்னு கேளுங்க மிஸ்."

கேள்விக்குறி போடுவதற்குள்
ஒன்றரை ஜிபி தீர்ந்தது.
வட்டம் சுற்றியது.
மணி அடித்தும்
யாரும் பையை எடுக்கவில்லை.

இரவு வீட்டில் திறந்தேன்.
முடியாத என் கேள்விக்குக் கீழே
பதில் வந்திருந்தது.
மூணு மணி. நாயி கொலச்சிது.
பக்கத்தில் ஆற்றுக்கு
இரண்டாவதாக ஒரு வாய் வரைந்து,
அதில் ஒரு படகு,
படகைவிடப் பெரிய ஒரு நாய்.

இன்னும் இருபத்தாறு நாள் என்கிறது பலகை.
தேசிங்குக்கு இதை இப்போதே சொல்ல வேண்டும்.
திங்கள்வரை வழியில்லை.
அவன் வீட்டில் ஒரே போன்,
அது கடலுக்குப் போயிருக்கிறது.