தோன்றா எழுவாய்

எழும்பூர் ஆவணக் காப்பகத்தில்
மின்விசிறியை மூன்றில் வைத்தால் காகிதம் பறக்கும்,
இரண்டில் வைத்தால் நான் வேகிறேன்.
இரண்டிலேயே ஓடுகிறது.

ஆம்புரோஸ் கெட்டில்வெல்.
கூலிகள் வாயில் கெட்டித் துரை.
ரயில்வே விழா மலருக்காக அவரைத் தமிழாக்குகிறேன்,
பக்கத்துக்கு இருநூறு ரூபாய்.

ராயபுரத்திலிருந்து மேற்கே
சங்கிலி பிடித்து நடந்தவருக்கு
முழு வாக்கியம் எழுத நேரமில்லை.
மட்டம் பார்த்தேன். சுண்ணாம்பு மோசம். திருப்பி அனுப்பினேன்.
'நான்' என்று அவர் எழுதுவதில்லை.
தமிழில் எழுவாய் ஒளிந்தாலும்
வினைமுற்றின் வால் வெளியே தெரியும்.

ஓரிடத்தில் மட்டும் பேனா அழுத்தி மை தெறித்திருக்கிறது:
மதகு விழுந்தது. நான்தான் அவசரப்பட்டேன்.
செங்கேணி. வீராசாமி.
செங்கேணியின் தம்பி, பெயர் கேட்க வேண்டும்.

மறுநாள் ஒற்றைச் சொல்: மண்ணாங்கட்டி.
யாரையோ திட்டுகிறார் என்று நினைத்தேன்.
டீ குடித்துத் திரும்பி வரும்போதுதான் உறைத்தது,
கேட்டிருக்கிறார். அது பெயர்.

பிறகு இருபத்தோரு வருஷம்.
கிருதா நரைத்து, சட்டசபையில் நாற்காலி.
தாது வருஷம்.
அவர் போட்ட பாதையில் அரிசி போயிற்று, வந்தது;
அதே பாதையில் கட்டை கட்டையாக மிதித்து
ஜனங்கள் பட்டணத்துக்கு நடந்து வந்தார்கள்.
கடற்கரையில் மூட்டை மலை,
சுற்றிலும் சிப்பாய்.

கெட்டித் துரை எழுந்து பேசுகிறார், ஏழு பக்கம்:
படி குறைக்கப்பட்டது.
தாமதம் நேர்ந்தது.
மரணங்கள் பதிவாயின.
திரும்பத் திரும்பத் தேடிவிட்டேன்,
வால் அகப்படவில்லை.
(அதன் பின் சீமைக்குப் போய்
எலெக்‌ஷனில் நின்றார். ஜெயித்தார்.)

நேற்று ராத்திரி, கரண்ட் போய் வந்த பிறகு,
'குறைக்கப்பட்டது' என்ற இடத்தில்
'குறைத்தேன்' என்று அடித்துப் பார்த்தேன்.
கர்சர் அதன் பக்கத்தில் நின்று
கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.
என் வாக்குமூலம் இல்லையே.
அழித்தேன்.

காலையில் மலர்க் குழுவிலிருந்து போன்:
"பேச்சு பிரமாதம், முழுசா போடறோம்.
அந்த மதகு விவகாரம் எதுக்கு சார்,
அமைச்சர் வர்ற விழா."

மத்தியானம் கோப்பை அனுப்பினேன்,
ஒரு பக்கம் குறைவாக,
இருநூறு ரூபாய் குறைவாக.
கீழே ஒரு வரிக் குறிப்பு,
கை தானாகவே எழுதிற்று:
கேட்டுக்கொண்டபடி
நீக்கப்பட்டது.